சர்வதேச சட்டம் எங்க ஊர் கெணறு வழியாத்தான் இந்தியாவுக்குள்ள வந்துச்சு

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

நான் உங்க பேப்பரை ரொம்ப வருஷமா படிக்கிறவ, லெட்டர் எழுதுறது இதான் முதல் தடவ, நீளமா போச்சுன்னா மன்னிச்சுக்குங்க, ஆனா தயவு செஞ்சு வெட்டி நாலு வரி ஆக்கிடாதீங்க.

2025 ஜூலை 23ஆம் தேதி ஹேக் நகரத்துல இருக்குற சர்வதேச நீதிமன்றம் பருவநிலையைக் காப்பாத்துறது நாடுகளுக்கு சட்டப்படி கடமைன்னு ஒரு கருத்துரை, அதாவது யாரையும் கட்டாயப்படுத்தாத ஆலோசனை, குடுத்துச்சு இல்லைங்களா, அதைப் பத்தி நம்ம பேப்பர்ல வந்த கட்டுரைக்கு ஒரு வாசகர் அண்ணன் பதில் எழுதியிருந்தார். பதினஞ்சு நீதிபதிங்க ஐரோப்பாவுல உக்காந்துகிட்டு ஏதோ சொன்னா நமக்கென்ன, நம்ம நாட்டுச் சட்டம் வேற அவங்க சட்டம் வேற, கட்டாயமே இல்லாத ஒரு காகிதத்துக்கு ஏன் இவ்ளோ இடம் குடுக்குறீங்கன்னு கேட்டிருந்தார். அவர் கேட்டது நியாயமான கேள்விதான், நான் தப்பு சொல்லல. ஆனா அதைப் படிச்சதுல இருந்து எனக்கு மனசு ஆறல. ஏன்னா அந்த மாதிரி கட்டாயமே இல்லாத வெளிநாட்டு அறிவிப்புல எழுதின ரெண்டு வார்த்தை இந்தியாவுல சட்டமா ஆனது எங்க ஊர் கெணத்தாலதான், அதுக்கு நானே சாட்சி.

நான் வாணியம்பாடி பக்கத்துல ஒரு கிராமம். ஒரு வக்கீல் ஆபீஸ்ல இருபது வருஷத்துக்கு மேல டைப் அடிச்சிருக்கேன். படிச்சது பன்னெண்டாவதும் டைப்ரைட்டிங் ஹையரும்தான், சட்டம் படிச்சவ இல்ல, ஆனா ஒரே வாக்கியத்தை நூறு மனுவுல அடிச்சா அதுக்கு அர்த்தம் என்னன்னு தானா கேட்டுத் தெரிஞ்சுக்கத் தோணும் இல்லைங்களா, அப்படித் தெரிஞ்சுக்கிட்டதுதான் இது எல்லாம்.

எங்க அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் நெலம், ஒரு கெணறு. நான் சின்னப் பொண்ணா இருக்கும்போது நெல்லு, கேவுரு, வரப்போரம் தென்னை. பாலாத்துல தண்ணி ஓடலன்னாலும் மணலைக் கையால நோண்டினா ஊத்து வந்துடும், அதுல மொண்டு அப்படியே குடிப்போம். அப்புறம் கெணத்துத் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா கரிக்க ஆரம்பிச்சுது. பருப்பு வேகல. டீ போட்டா பால் திரிஞ்சுது. துணிக்கு சோப்பு போட்டா நுரையே வரல. தேங்கா ஒவ்வொரு வருஷமும் சிறுத்துகிட்டே வந்து கடைசியில குரும்பையிலயே கொட்டிச்சு. அம்மா ரெண்டு கொடம் எடுத்துகிட்டு குடிதண்ணிக்கு அடுத்த ஊருக்கு நடந்தாங்க, நானும் கூடவே நடந்திருக்கேன், ஸ்கூலுக்கு லேட்டாப் போயி வெளிய நின்ன நாள் எத்தனையோ.

காரணம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், தோல் ஷாப்பு, அதாவது தோல் பதனிடுற ஆலை. முன்னாடி எங்க பக்கம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தோல் பதம் பண்ணுவாங்க, அதுலயும் நாத்தம் உண்டு, தண்ணி கெடும், இல்லன்னு சொல்லல. ஆனா 1972ல சீதாராமய்யா கமிட்டின்னு ஒண்ணு அரைகுறையா பதம் பண்ண தோலை ஏற்றுமதி பண்ணாம முழுசா முடிச்ச தோலா அனுப்புங்க, நாட்டுக்கு நாலு காசு கூட வரும்னு சொல்லுச்சு, அதுல இருந்துதான் குரோம், அதாவது குரோமியம் உப்பு, போட்டு பதம் பண்றது பெருகுச்சு. பச்சத் தோல் கெடாம இருக்கப் போடுற உப்பு மொத்தமும் கழுவுற தண்ணியில வெளிய வரும், முடி எடுக்கப் போடுற சுண்ணாம்பும் சல்பைடும் வரும், அதுக்கு மேல குரோம். ஒரு கிலோ தோல் முடிச்சு எடுக்க 35 லிட்டர் தண்ணின்னும் குரோம் முறையில ஏறத்தாழ 170 வகை கெமிக்கல்னும் கோர்ட் தீர்ப்புலயே போட்டிருக்கு. அந்தத் தண்ணி அத்தனையும் எங்க போச்சு, ஓடைக்கும் ஆத்துக்கும்தான்.

இதுல என்னை ரொம்ப நாளா உறுத்துற விஷயம், அதே 1972 ஜூன் மாசம்தான் ஸ்வீடன்ல ஸ்டாக்ஹோம்ல ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாடு நடந்துச்சு. இந்திரா காந்தி அம்மா நேர்ல போயி பேசினாங்க, நடத்துற நாடான ஸ்வீடனோட பிரதமரைத் தவிர்த்துப் பார்த்தா வெளியில இருந்து வந்த ஒரே பிரதமர் அவங்கதான். ஒரே வருஷத்துல ஒரு பக்கம் தண்ணியையும் காத்தையும் காப்பாத்துவோம்னு உலகத்துக்கு முன்னாடி வாக்கு குடுத்தோம், இன்னொரு பக்கம் பாலாத்து ஓரமா குரோம் வந்து இறங்குச்சு.

இப்ப அந்த அண்ணன் கேட்ட கேள்விக்கு வர்றேன். வெளிநாட்டுல ஒரு ஒப்பந்தத்துல நம்ம சர்க்கார் கையெழுத்து போட்டா மட்டும் அது உடனே நம்ம ஊர்ல சட்டம் ஆகிடாது, அவர் சொன்னது அது வரைக்கும் சரிதான். பார்லிமென்ட் தனியா ஒரு சட்டம் போடணும். ஆனா நம்ம அரசியல் சாசனத்துல 253ன்னு ஒரு பிரிவு இருக்கு. வெளிநாட்டு ஒப்பந்தமோ, சர்வதேச மாநாட்டுல எடுத்த முடிவோ, அதை நிறைவேத்துறதுக்காக பார்லிமென்ட் எந்த விஷயத்துல வேணும்னாலும், அது மாநிலத்தோட பட்டியல்ல இருக்குற விஷயமா இருந்தாலும் கூட, நாடு முழுக்க சட்டம் போடலாம். தண்ணிங்கிறது மாநில விஷயம், அதனாலதான் 1974ல தண்ணீர் மாசு தடுப்புச் சட்டம் கொண்டு வரும்போது மாநில சட்டசபைங்க தீர்மானம் போட்டுக் குடுக்க வேண்டியிருந்துச்சு. ஆனா 1981 காற்று மாசு சட்டமும், போபால்ல அத்தனை உயிர் போனதுக்கு அப்புறம் வந்த 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் ஸ்டாக்ஹோம் மாநாட்டு முடிவைக் காரணமாக் காட்டித்தான் வந்துச்சு, அந்த ரெண்டு சட்டத்தோட முதல் பக்கத்தைப் புரட்டினாலே 1972 ஜூன் ஸ்டாக்ஹோம்னு எழுதியிருக்கும். நான் முதல் தடவ அதை டைப் அடிக்கும்போது ஸ்டாக்ஹோம்ங்கிறது ஏதோ கம்பெனி பேருன்னு நெனச்சேன்.

அது பார்லிமென்ட் வழி. ரெண்டாவது ஒரு வழி இருக்கு, கோர்ட் வழி, அது எங்க ஊர் வழி.

1991ல வேலூர் குடிமக்கள் நலப் பேரவை நேரா சுப்ரீம் கோர்ட்ல ஒரு பொதுநல வழக்கு போட்டாங்க. இந்த மாநிலத்துல அஞ்சு மாவட்டத்துல ஏறத்தாழ 900 தோல் ஷாப்பு இயங்குதுன்னு தீர்ப்புல இருக்கு, அதுல பெரும்பங்கு எங்க பழைய வடாற்காடு, அதாவது வேலூர், வாணியம்பாடி எல்லாம் அடங்கின அப்போதைய மாவட்டம். வேலூர்ல இருக்குற வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையம் கணக்கெடுத்து தோல் ஷாப்பு பெல்ட்ல ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விவசாய நெலம் பாதியாவோ முழுசாவோ பயிர் வைக்க லாயக்கில்லாம போச்சுன்னு சொல்லுச்சு, ஏக்கர்ல சொன்னா 86 ஆயிரத்துக்கும் மேல. திண்டுக்கல் பக்கம் 13 கிராமத்துல 467 கெணத்தைப் பரிசோதிச்சதுல 350 கெட்டுப் போயிருந்துச்சு. இது எல்லாம் எங்களுக்கு நம்பர் இல்லைங்க, அந்த 35,000 ஹெக்டேர்ல எங்க அப்பாவோட ஒன்றரை ஏக்கரும் இருக்கு.

1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி தீர்ப்பு. நீதிபதி குல்தீப் சிங் தலைமையில மூணு பேர். தோல் தொழில் அந்நியச் செலாவணி கொண்டு வருது, வேலை குடுக்குது, எல்லாம் சரி, ஆனா அதுக்காக சுற்றுச்சூழலைக் கெடுக்கவும் ஜனங்க உடம்பைக் கெடுக்கவும் அதுக்கு உரிமை கிடையாதுன்னு சொன்னாங்க. அதை விட முக்கியமானது அவங்க அதைச் சொன்ன விதம். 1992ல பிரேசில்ல ரியோ மாநாட்டுல அறிவிச்ச கோட்பாடுகள்ல ரெண்டை எடுத்தாங்க. ஒண்ணு முன்னெச்சரிக்கைக் கோட்பாடு, அதாவது பெரிய சேதம், திரும்ப சரி பண்ண முடியாத சேதம் வரும்னு தெரிஞ்சா விஞ்ஞானம் நூத்துக்கு நூறு நிரூபிக்கட்டும்னு காத்துகிட்டு இருக்கக் கூடாது, முன்னாடியே தடுக்கணும். இன்னொண்ணு கெடுத்தவனே காசு குடுக்கணும்ங்கிறது, பாதிக்கப்பட்டவங்களுக்கு நஷ்டஈடு மட்டும் இல்ல, கெட்டுப் போன மண்ணையும் தண்ணியையும் திரும்ப சரி பண்ற செலவும் அவன் தலையில. இந்த ரெண்டும் உலக நாடுகளுக்கு நடுவுல வழக்கச் சட்டம், அதாவது ஒப்பந்தம் எழுதாமலே நாடுங்க வழக்கமா ஏத்துக்கிட்டு நடக்குற சட்டம், மாதிரி ஆயிடுச்சு, நம்ம நாட்டுச் சட்டத்துக்கு முரணா இல்லாத வரைக்கும் சர்வதேச வழக்கச் சட்டம் நம்ம நாட்டுச் சட்டத்துலயும் சேர்ந்ததாத்தான் கருதணும், கோர்ட்டுங்க அதைப் பின்பத்தணும்னு எழுதினாங்க. கூடவே 21ஆவது பிரிவு, அதாவது உயிர் வாழுற உரிமை, சுற்றுச்சூழலைக் காப்பாத்துறது அரசோட கடமைன்னு சொல்ற 48ஏ, குடிமக்களோட கடமைன்னு சொல்ற 51ஏ(ஜி) எல்லாத்தையும் சேர்த்துக் கட்டினாங்க.

சரி, உண்மையைச் சொல்லணும்னா ரியோவுல எழுதினது அவ்வளவு கறாரா இல்ல. அங்க கெடுத்தவன் செலவை ஏத்துக்கிறது கொள்கை அளவுல சரின்னு இழுத்த மாதிரிதான் இருக்கும், முன்னெச்சரிக்கைக்கும் அந்தந்த நாட்டோட சக்திக்கு ஏத்த மாதிரின்னு ஒரு சந்து வச்சிருப்பாங்க. அது உண்மையிலேயே வழக்கச் சட்டம் ஆயிடுச்சான்னு சட்டம் படிச்சவங்க இன்னைக்கும் சண்டை போடுறாங்கன்னு எங்க ஆபீஸ் சீனியர் வக்கீல் சொல்லுவார். நம்ம கோர்ட் ஒரு படி மேலயே போயி அதைக் கெட்டியாக்கிடுச்சு. நான் அதுல தப்பே பாக்கல. உலகம் இழுத்து இழுத்துச் சொன்னதை நம்ம ஊர் நிலவரத்தைப் பார்த்து நேரா சொன்னாங்க.

அதுல எங்களுக்குப் பெரிய விஷயம் என்னன்னா நிரூபிக்கிற பொறுப்பு. அதுக்கு முன்னாடி எல்லாம் எங்க அப்பா மாதிரி ஒரு விவசாயி கேஸ் போட்டா அவர்தான் நிரூபிக்கணும், எந்த ஷாப்புல இருந்து எந்த வருஷம் விட்ட தண்ணி எந்த வழியா வந்து இந்தக் கெணத்துல சேந்துச்சுன்னு. யாரால முடியும் சொல்லுங்க? பூமிக்கு அடியில போற தண்ணியில பேரா எழுதியிருக்கு? இந்தத் தீர்ப்புக்கு அப்புறம் தொழில் பண்றவங்கதான் எங்களால கெடுதல் இல்லன்னு காட்டணும். ரியோவுல எழுதின ஒரு வரி எங்க அப்பாவோட தோள்ல இருந்த சுமையை எடுத்து அந்தப் பக்கம் வச்சுது, சர்வதேச சட்டத்தால நமக்கென்னன்னு கேக்குறவங்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

அதோட நிக்கல. 2010ல சுற்றுச்சூழல் கேஸுக்குன்னே பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் வந்தப்போ 20ஆவது பிரிவுல இந்தத் தீர்ப்பாயம் நீடித்த வளர்ச்சி, முன்னெச்சரிக்கை, கெடுத்தவரே செலவை ஏற்பது ஆகிய கோட்பாடுகளைக் கடைப்பிடிக்கணும்னு அச்சுலயே ஏத்திட்டாங்க. ஆக 1992ல ரியோவுல வெறும் அறிவிப்பு, 1996ல எங்க ஊர் கேஸ்ல தீர்ப்பு, 2010ல பார்லிமென்ட் போட்ட சட்டம். பதினெட்டே வருஷம். அதனால இப்ப ஹேக்ல சொன்னதையும் யாரும் லேசா எடுத்துக்க வேணாம். அது கூட பசிபிக் தீவுங்கள்ல சட்டம் படிக்கிற புள்ளைங்க 2019ல ஆரம்பிச்சு வைக்க, வனுவாட்டுன்னு ஒரு சின்ன நாடு கையில எடுத்து ஐ.நா. சபை வரைக்கும் கொண்டு போனதுதான். 2024லயே நம்ம சுப்ரீம் கோர்ட் கானமயில்ங்கிற பறவையைக் காப்பாத்தப் போட்ட கேஸ்ல பருவநிலை மாற்றத்தோட பாதிப்புல இருந்து பாதுகாப்பு கேக்குறது சமத்துவத்தைச் சொல்ற 14, உயிர் வாழுற உரிமையைச் சொல்ற 21 பிரிவுல அடங்குன உரிமைன்னு சொல்லிடுச்சு. நாளைக்கு எந்த ஊர் மீனவரோ விவசாயியோ கேஸ் போடும்போது ஹேக்ல சொன்ன வரி அந்த மனுவுல வரும், என்னை மாதிரி ஒருத்தி அதை டைப் அடிப்பா.

ஆனா ஐயா, நான் இந்த லெட்டர் எழுத உக்காந்தது பெருமை பேச மட்டும் இல்ல. தீர்ப்பு எல்லாம் வந்ததுக்கு அப்புறம் எங்க ஊர்ல என்ன ஆச்சுன்னு சொல்லணும், அதை எந்தப் பாடப்புத்தகத்துலயும் போட மாட்டாங்க.

கோர்ட் சொன்னபடி 1986 சட்டத்துல ஒரு ஆணையம் அமைச்சாங்க, சூழல் இழப்பு தடுப்பு மற்றும் நஷ்டஈடு ஆணையம், ஓய்வு பெற்ற ஹைகோர்ட் நீதிபதி தலைமையில. அந்த ஆணையம் 2001 மார்ச்ல கணக்கு முடிச்சு வேலூர் மாவட்டத்துல 29,193 பேருக்கு மொத்தம் 26 கோடியே 82 லட்ச ரூபா சொச்சம்னு தீர்மானிச்சுது. நீங்களே வகுத்துப் பாருங்க, ஒருத்தருக்கு சராசரியா ஒன்பதாயிரத்து இருநூறு ரூபா கூட வராது. அதுவும் 1991ல இருந்து 1998 கடைசி வரைக்குமான காலத்துக்கு. ஏழு வருஷத்துக்கு மேல ஒரு குடும்பத்தோட பயிர், கெணறு, மாடு கன்னு குடிக்கிற தண்ணி, அம்மாவோட நடை, எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம். ஒரு போர்வெல் போடக் கூட அது பத்தாது, போட்டாலும் அதுல உப்புத் தண்ணிதான் வரும்.

அந்த ஒன்பதாயிரத்தையும் வாங்குறதுக்கு நடந்த நடை இருக்கே. நான் அடிச்ச மனுவுல பாதி பேருக்கு சிட்டா ஒரு பேர்ல, நெலத்தை அனுபவிக்கிறது ஒரு பேர்ல. அப்பா செத்துப் போயி வாரிசு சான்றிதழ் வாங்காத குடும்பங்க. சொந்த நெலம் இல்லாம வாரத்துக்குப் பயிர் வச்சவங்களுக்கு, கூலிக்குப் போனவங்களுக்கு, எந்தக் கணக்குலயும் இடம் இல்ல, அவங்களும் அதே தண்ணியைத்தான் குடிச்சாங்க. ஒரு ஆபீஸ்ல கேட்டா இன்னொரு ஆபீஸ்ல கேளுன்னு சொல்லுவாங்க. ஒரு பாட்டிம்மா வருஷக் கணக்கா மாசம் ஒரு தடவ எங்க ஆபீஸ் வாசல்ல வந்து உக்காருவாங்க, என் பேப்பர் என்னாச்சு கண்ணுன்னு கேப்பாங்க, ஒரு நாள் வரல, அப்புறம் வரவே இல்ல.

2025 ஜனவரி 30ஆம் தேதி மறுபடியும் சுப்ரீம் கோர்ட், நீதிபதிகள் பர்திவாலாவும் நம்ம ஊர்க்காரர் மகாதேவனும், நஷ்டஈடு பாக்கி இருக்குறவங்களுக்கு அரசாங்கம் முதல்ல குடுக்கணும், அப்புறம் கெடுத்தவங்க கிட்ட வசூல் பண்ணிக்கணும்னும், ஓய்வு பெற்ற ஹைகோர்ட் நீதிபதி தலைமையில ஒரு கமிட்டி போடணும்னும் உத்தரவு போட்டாங்க, கேஸை மூடாம தொடர்ந்து நாங்களே கண்காணிக்கிறோம்னும் சொன்னாங்க. கேஸ் போட்டது 1991. அன்னைக்குப் பொறந்த குழந்தைக்கு இன்னைக்கு முப்பது வயசு தாண்டியாச்சு.

இதுல நியாயமா இன்னொரு பக்கமும் சொல்லணும். எதுவுமே நடக்கலன்னு நான் சொல்ல மாட்டேன். பொது சுத்திகரிப்பு நிலையங்க வந்துச்சு, அப்புறம் ஹைகோர்ட் கெடுபிடியில ஆர்ஓ மெஷின் எல்லாம் வச்சு ஒரு சொட்டு கூட வெளிய விடக் கூடாதுங்கிற ஏற்பாடும் வந்துச்சு, அதுக்குக் கோடிக் கணக்குல செலவாச்சு, சின்ன ஷாப்புங்க பல மூடியே போச்சு. ஆனா தண்ணியைக் காய்ச்சி எடுத்த உப்பு மூட்டை மூட்டையா குவிஞ்சு கெடக்கு, அதை எங்க கொண்டு போயி கொட்டுறதுன்னு ஒரு நல்ல வழி இல்ல. 2015 ஜனவரி 31 விடியறதுக்கு முன்னாடி ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில சுத்திகரிப்பு நிலையத்துக் கழிவுத் தொட்டி ஒடஞ்சு பக்கத்துல தூங்கிகிட்டு இருந்த தொழிலாளிங்க உட்பட பத்துப் பேர் செத்தாங்க, அதுல பெரும்பாலானவங்க மேற்கு வங்காளத்துல இருந்து பொழப்புக்கு வந்த புள்ளைங்க. ஆத்தைக் காப்பாத்தக் கட்டின தொட்டியே ஆளைக் கொன்னுச்சு. அந்தச் செய்தி படிச்ச அன்னைக்கு என்னால ஒரு மனு கூட அடிக்க முடியல.

தோல் தொழில் வேணாம்னு நான் சொல்லவே மாட்டேன். என் தங்கச்சி ஷூ கம்பெனியில தையல் மெஷின்ல உக்காருறா, அவ சம்பளத்துலதான் அவ வீட்டுப் புள்ளைங்க படிக்குதுங்க. விடியக் காலையில கம்பெனி பஸ்ஸுக்கு நிக்கிற அத்தனை பொண்ணுங்க வீட்டுலயும் இதே கதைதான். இந்த வேலை போயிடுச்சுன்னா மறுபடியும் உப்பு நெலத்துக்கா திரும்ப முடியும்? அதனாலதான் சொல்றேன், ரெண்டும் வேணும், அந்தத் தீர்ப்புலயே நீடித்த வளர்ச்சின்னு அதைத்தான் சொல்லியிருக்காங்க.

முடியாதுன்னு யாரும் சொல்லிட வேணாம். ஒரு உதாரணம் சொல்றேன். 1990ஐ ஒட்டி ஜெர்மனி பிசிபின்னு ஒரு பூஞ்சை மருந்து தோல்ல இருக்கக் கூடாதுன்னு தடை போட்டுச்சு, அப்புறம் 1994ல சில அசோ சாயங்களுக்குத் தடை போட்டுச்சு, புற்றுநோய் வரும்னு. அது ஜெர்மனி அவங்க நாட்டுக்குள்ள போட்ட சட்டம், நம்ம மேல அதுக்கு ஒரு அதிகாரமும் கிடையாது. ஆனா வெளிநாட்டுல வாங்குறவன் சரக்கைத் திருப்பி அனுப்பிடுவான்னு தெரிஞ்சதும் எங்க பக்கம் சாயம் மாறிடுச்சு, மருந்து மாறிடுச்சு, லேப் டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாம சரக்கு ஏறாதுன்னு ஆச்சு. 1997க்குள்ள நம்ம மத்திய அரசே மொத்தம் 112 சாயத்துக்குத் தடை போட்டுடுச்சு. ஜெர்மனியில ஷூ போடுற கால் பத்திரமா இருக்கணும்னு அவங்க போட்ட சட்டம் சில வருஷத்துல இங்க வேலை செஞ்சுது. ஷூ செய்யுற ஊர்ல ஜனங்க குடிக்கிற தண்ணிக்காக நம்ம சுப்ரீம் கோர்ட் சொன்னது இத்தனை வருஷமா இழுத்துகிட்டு இருக்கு. தொழில்நுட்பம் இல்லாததால இல்ல, காசு இல்லாததால மட்டும் இல்ல, அங்க மீறினா அடுத்த நாளே நஷ்டம், இங்க மீறினா அடுத்த வாய்தா.

வாய்தா முடிஞ்சு வர்ற தண்டனையும் இப்ப லேசாகிட்டு வருது, அதுதான் எனக்கு ரொம்பக் கவலையா இருக்கு. 1986 சட்டத்துல மீறினவங்களுக்கு அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில்னு இருந்துச்சு. 2023ல ஜன் விஸ்வாஸ் சட்டம்னு ஒண்ணு கொண்டு வந்து அந்த ஜெயிலை எடுத்துட்டு பத்தாயிரத்துல இருந்து பதினஞ்சு லட்சம் வரைக்கும் அபராதம்னு ஆக்கிட்டாங்க. பத்தாயிரம்ங்கிற தொகையைப் பாத்ததும் எனக்கு சுருக்குன்னுச்சு, ஏன்னா 1996ல குல்தீப் சிங் ஐயா ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் போட்ட மாசு அபராதம் அதே பத்தாயிரம்தான். அன்னைக்குப் பத்தாயிரத்துக்கு இருந்த மதிப்பு என்ன, இன்னைக்கு என்ன.

அப்புறம் 2025 மே 16ல சுப்ரீம் கோர்ட், சுற்றுச்சூழல் அனுமதி வாங்காமலே கட்டிட்டு அப்புறமா வாங்கிக்கலாம்ங்கிற பழக்கம் செல்லாதுன்னு தீர்ப்பு சொல்லுச்சு. எனக்கு அவ்வளவு சந்தோஷம். முன்னெச்சரிக்கைங்கிற வார்த்தையிலயே முன்னு இருக்கே, பின்னாடி வாங்குற அனுமதி எப்படி முன்னெச்சரிக்கை ஆகும்? ஆனா நவம்பர் 18ஆம் தேதி அதே கோர்ட்ல மூணு பேர் பெஞ்சு ரெண்டுக்கு ஒண்ணுன்னு அந்தத் தீர்ப்பைத் திரும்ப வாங்கிடுச்சு, மே மாசத் தீர்ப்புல இருந்த நீதிபதி உஜ்ஜல் புயான் மட்டும் ஒத்துக்காம தனியா எழுதினார். கட்டிடங்களை எல்லாம் இடிச்சா பணம் வீணாகும்ங்கிற கவலை எனக்கும் புரியுது. ஆனா முதல்ல கட்டிக்கோ அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டதாலதானே எங்க கெணறு போச்சு. கெணறு கெட்டதுக்கு அப்புறம் குடுக்குற அனுமதியும் ஒன்பதாயிரமும் ஒரே மாதிரிதான், ரெண்டாலயும் தண்ணி இனிக்காது.

அதனால அந்த வாசகர் அண்ணனுக்கு நான் சொல்றது, சர்வதேச சட்டம் நம்ம சட்டம் ஆகுமாங்கிற கேள்விக்கு 1996லயே பதில் வந்துடுச்சு, ஆகும். இப்ப மிச்சம் இருக்குற தூரம் ஹேக்ல இருந்து டெல்லிக்கு இல்ல, டெல்லியில இருந்து எங்க தாலுகா ஆபீஸுக்கு. அந்தத் தூரத்தைக் கடக்க சில காரியம் செஞ்சாப் போதும், பெரிய பட்ஜெட் எல்லாம் வேணாம். 1998க்கு அப்புறம் இன்னைக்கு வரைக்கும் ஆன சேதத்தை மறுபடி அளக்கணும், அப்ப பட்டியல்ல விட்டுப்போன வாரக்காரங்களையும் கூலிக்காரங்களையும் சேர்க்கணும். 2025ல கோர்ட் போடச் சொன்ன கமிட்டி என்ன கண்டுபிடிச்சுதுங்கிறதைத் தமிழ்ல, எங்க ஊராட்சி ஆபீஸ் பலகையில ஒட்டணும். ஆலைங்க வெளிய விடுற கழிவுத் தண்ணியில கரைஞ்ச மொத்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு விதி இருக்கு, அதை மாசா மாசம் அளந்து ரேஷன் கடை வாசல்ல எழுதிப் போட்டா எங்க ஊர்ப் பொம்பளைங்க அரிசி வாங்க வரிசையில நிக்கும்போதே படிச்சுப்பாங்க. அந்த 1996 தீர்ப்பு முழுசா நல்ல தமிழ்ல எங்களுக்குக் கிடைக்கணும், எங்க ஊர் பேர்ல இருக்குற தீர்ப்பை எங்க ஊர்ல படிச்சவங்க விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான் இருப்பாங்க.

உங்க பேப்பர் கிட்டயும் ஒரு வேண்டுகோள் ஐயா. மாநாடு நடக்கும்போது ஒரு பக்கம் ஒதுக்கி எழுதுறீங்க, ரொம்ப நல்லது, தொடர்ந்து எழுதுங்க. ஆனா ஒரு நிருபரை எங்க பக்கமும் அனுப்புங்க. கலெக்டர் ஆபீஸ்ல பேட்டி எடுக்குறதுக்கு முன்னாடி நேரா ஆத்துக்கு வரச் சொல்லுங்க, ராத்திரி நல்ல மழை பெய்ஞ்ச மறுநாள் காலையில, ஆறு ஆறரைக்குள்ள. வெயில் ஏறினா நுரை அடங்கிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வாணியம்பாடி வட்டம், திருப்பத்தூர் மாவட்டம்.